எடை கேட்காத விளக்கு

பிற்பகல் மூன்று மணிக்கு மகளின் அறையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. ஆறு வயது மகள் போய் இருபது நாள் ஆகிறது.

விளக்கை வைத்தவள் அம்மாதான். சர்க்யூட் வடிவமைப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. மகளுக்கு நெஞ்சு நோய் முற்றியபோது, மெத்தைக்கு அடியில் எடை பார்க்கும் தகடும் தலைமாட்டில் மூச்சை உணரும் கருவியும் பொருத்தினாள். கட்டிலில் ஆளும் இருந்து மூச்சும் இருந்தால் பச்சை. ஆனால் தொழில்புத்தி சும்மா இருக்குமா? ஆளில்லாத கட்டிலில் மூச்சு எப்படி வரும், நடக்காத சங்கதி என்று, எப்போது விளக்கு எரிய வேண்டும் என்று எழுதிய அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு மட்டும், எரிந்தாலும் சரி அணைந்தாலும் சரி என்று, பெருக்கல் குறி போட்டாள். அப்படிப்பட்ட கட்டத்தை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது இந்த வேலையில் வழக்கம். சர்க்யூட் சுருங்கியது, எடையும் மூச்சும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கேட் மிச்சம். அதன்பின் விளக்கு எடையைக் கேட்பதே இல்லை, மூச்சை மட்டும்தான் கேட்டது.

காற்றாக இருக்குமோ என்று மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். மருந்து நெடியும் துவைக்க மனம் வராத தலையணை உறையின் வாசமும் கலந்த அந்தப் புழுக்கத்தில், விளக்கு எரிந்து, அணைந்து, தூங்குகிறவர் மூச்சைப் போல நிதானமாக மறுபடி எரிந்தது.

“சென்சார் கெட்டிருக்கும். வயரைப் பிடுங்கிட்டு வந்துடு,” என்றான் கணவன், வாசற்படியைத் தாண்டாமல்.

“இல்லங்க, எடுத்த கேட்டைத் திரும்பப் போடறேன். ஆள் இல்லேன்னா அணைஞ்சிடும்.”

“அணைஞ்சிட்டா?”

“விட்டுடறேன்.”

அணைந்துவிட்டால், மகளுடையது என்று அவள் நம்பிக்கொண்டிருந்த அந்த மூச்சும் போய்விடும். இருந்தாலும் பற்றவைக்கும் கருவியைச் சூடாக்கினாள். ஈயம் புகைந்தது. எடைக் கம்பியை இணைத்தாள்.

விளக்கு அணைந்தது.

தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கணவன் உள்ளே வந்து தோளைத் தொட்டான்.

“போதும்மா. அவ போயிட்டா.”

கட்டில் முனகியது.

பச்சை.

விரிப்பு மெல்ல அமுங்கியது. தலையணையில் ஒரு குழி.

“கண்ணு,” என்று பாய்ந்து அதில் கை வைத்தாள். கதகதப்பு.

குழி நீண்டது. தோள். இடுப்பு. முழங்கால். இன்னும் நீண்டது. அவள் மகளின் கால் ஒருநாளும் எட்டியிராத கட்டிலின் கடைசிச் சட்டத்தை ஒட்டி, ஒரு முழு ஆளின் குதிகால்கள் இரண்டு மெத்தையில் அழுந்தின.