ரேடியோவில் ரெய்னோ

ரெய்னோ ரேடியோவில் எதையும் இரண்டாவது தடவை சொல்கிற ஆள் இல்லை. காது கேட்காதவர்களுக்குக் கடலில் என்ன வேலை என்பது அவன் கட்சி. அதனால், "கடுங்காப்பி கொதிச்சாச்சு, ஐலா. கெளம்பி வா" என்று அவன் குரல் மறுபடியும் வந்தபோது, சுக்கானைப் பிடித்திருந்த அவன் மனைவி ஐலா ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பெயருக்குப் பிறகு சின்னதாக ஒரு இருமல். முதல் தடவையும் அதே இடத்தில்தான் இருமினான்.

கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் சோயிந்துலா துறையில் சுற்றுலாப் படகு ஓட்டுகிற யாரும் மீன் கடிக்கிற இடத்தை ரேடியோவில் பச்சையாகச் சொல்வதில்லை. சொன்னால் கொஞ்ச நேரத்தில் ஊர்ப்படகெல்லாம் தலைக்கு மேல் வந்து நிற்கும். குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு ரகசியப் பேச்சு உண்டு. ஐலா வீட்டில் மூன்று படகுகள்: அவளுடையது, ரெய்னோவுடையது, தங்கை ஹெல்வியுடையது. காப்பி கொதித்துவிட்டது என்றால் சால்மன் கடிக்கிறது என்று அர்த்தம். கடுங்காப்பி என்றால் பக்கத்தில் ஆர்கா திமிங்கிலங்களும் நிற்கின்றன, வந்தவர்களுக்குத் தூண்டிலும் ஆச்சு, வேடிக்கையும் ஆச்சு. ரெய்னோ காலையிலேயே வடக்குப் பாறைத்திட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான்.

"உங்க வீட்டுக்காரரா?" கல்கரியிலிருந்து மீன்பிடிக்கச் சுற்றுலா வந்திருந்த லொரேன் கேட்டாள். "என்ன அன்பாக் கூப்பிடுறாரு!"

"அதுதாங்க எனக்கும் புரியல. வீட்ல இப்படிப் பேசினா நான் ஏன் கடலுக்கு ஓடி வரேன்?"

லொரேனின் கணவன் டக் பெரிதாகச் சிரித்தான். "கூப்பிட்டா போங்கம்மா. இந்தப் பனியில என் மூக்கே எனக்குத் தெரியல. மீனையாவது கண்ணுல காட்டுங்க."

ஐலாவும் சிரித்துவிட்டுப் படகைத் திருப்பினாள். உச்சிவேளையிலும் விலகாத ஆகஸ்ட் மூடுபனி கண்ணாடியில் நீராக வழிந்தது. டீசல் புகையும், கரையில் அழுகும் கடற்பாசியின் உப்பு வாடையும், நேற்று அறுத்த மீனின் கவுச்சியும் கலந்து படகோட்டும் கூண்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. "எத்தனை மீனு, ரெய்னோ?" என்று மைக்கில் கேட்டாள். வெறும் இரைச்சல், அதற்கு அடியில் தண்ணீர் மெல்ல அலம்புகிற சத்தம்.

பாறைத்திட்டை நெருங்கும்போது திமிங்கிலங்கள் மூச்சுவிடுவது கேட்டது. அவை இவ்வளவு கிட்ட இருந்தால் தூண்டிலை மேலே தூக்கி, எஞ்சினை அணைத்து, படகைச் சும்மா மிதக்கவிட வேண்டும். இந்தத் துறையில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். ஐலா எஞ்சினை அணைத்தாள். பனிக்குள்ளிருந்து உயரமான கறுப்பு முதுகுத்துடுப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வழக்கமாகப் பிள்ளைகுட்டியோடு ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும் கூட்டம் அது. இன்று அவை எங்கும் போகவில்லை. படகின் மூக்குக்கு எதிரே, தோளோடு தோள் ஒட்டி, குறுக்கே ஒரே வரிசையாக, படகைப் பார்த்தபடி நின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் மூச்சுவிட்டன.

லொரேன் சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐலா மட்டும் சிரிக்கவில்லை.

திமிங்கிலப் பேச்சைக் கேட்கவைப்பதற்காக எல்லாப் படகிலும் இருப்பதுபோல் அவளிடமும் தண்ணீருக்குள் இறக்கும் மைக் ஒன்று இருந்தது. இறக்கினாள். ஓயாமல் கீச்சிடுகிற கூட்டம் இன்று வாயே திறக்கவில்லை. அந்த அமைதிக்கும் வெகு கீழே, பக்கத்து அறையில் ஆட்கள் கூடிப் பேசுகிறதைப்போல ஏதோ ஒரு முணுமுணுப்பு. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. ஒலிபெருக்கியை அணைத்தாள்.

"கடுங்காப்பி கொதிச்சாச்சு, ஐலா." இருமல். "கெளம்பி வா."

ஒரு மூச்சுகூட மாறவில்லை. அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஐலாவுக்குத் தோன்றியது. தலையில் அடிபட்டிருக்கும். புத்தி பேதலித்துச் சொன்னதையே சொல்கிறான். அப்படித்தான் இருக்க வேண்டும், வேறு என்னவாக இருக்க முடியும்? இருபது வருஷம் கூட வாழ்ந்தவனைக் கூப்பிடு தூரத்தில் விட்டுவிட்டு, திமிங்கிலத்துக்கு மரியாதை செய்துகொண்டு நிற்பதா? எஞ்சினை முடுக்கி வரிசையைச் சுற்றிப் போகப் பார்த்தாள். வரிசையும் நகர்ந்து முன்னால் வந்தது. மறுபக்கம் திருப்பினாள். அங்கேயும் வந்தது.

"ஏம்மா, இவ்வளவு கிட்டப் போகலாமா?" டக்கின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"உக்காருங்க," என்றாள் ஐலா. அவள் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தாள். வரிசைக்குள் படகை விட்டாள்.

கடைசி நொடியில் அவை விலகின. ஒரே ஒரு கிழப் பெண் திமிங்கிலம் மட்டும் படகின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தது. பிறகு அதுவும் பின்தங்கிவிட்டது.

பனிக்குள் ரெய்னோவின் படகு தெரிந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தளத்தில் யாரும் இல்லை. அறுக்கும் பலகையில் பாதி அறுத்த சால்மன். அதன்மேல் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாருடைய சிவப்புக் கம்பளித் தொப்பியோ தரையில் நனைந்து கிடந்தது. எல்லாத் தூண்டில் கம்புகளும் வில்லாக வளைந்திருந்தன. மீன் மாட்டினால் கம்பு துடிக்கும். இவை துடிக்கவில்லை. தூண்டில் நரம்புகள் நேராகக் கீழே இறங்கி, விறைத்து, அப்படியே நின்றன.

"ரெய்னோ! எங்கப்பா இருக்க?"

"கடுங்காப்பி கொதிச்சாச்சு, ஐலா."

அவன் படகுக் கூண்டு கண்ணெதிரே இருந்தது. கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. காலி நாற்காலி. கொக்கியில் மாட்டியபடியே இருந்த மைக்.

ஐலாவின் கை தானாகப் போய், அணைத்து வைத்திருந்த ஒலிபெருக்கியைத் திருகியது. தண்ணீருக்குள்ளிருந்து ரெய்னோ கூப்பிட்டான். அவனோடு சேர்ந்து ஒரு பெண். பிறகு ஒரு கிழவர். அவன் காலையில் ஏற்றிப்போன ஆட்கள். எல்லோரும் அதே சொற்களை. எல்லோருக்கும் அதே இருமல்.

லொரேன் அழ ஆரம்பித்தாள்.

ஐலா சுக்கானைத் திருப்பினாள். எஞ்சின் உறுமியது. படகு நகரவில்லை. அடியில் ஏதோ பிடித்திருந்தது. மெதுவாக. இறுக்கமாக.

அப்போதுதான் ரேடியோ மறுபடி பேசியது.

"கடுங்காப்பி கொதிச்சாச்சு, ஹெல்வி. கெளம்பி வாடி."

அது ஐலாவின் குரல். தங்கையை அவள் கொஞ்சுகிற அதே கொஞ்சல். மைக் அவள் கையில் இல்லை.

"கொஞ்சம் இரு அக்கா, இதோ வர்றேன்!" ஹெல்வி. தூரத்தில். உற்சாகமாக.

ஐலா மைக்கைப் பிடுங்கி அழுத்தினாள். "வராத! ஹெல்வி, வராத! திரும்பிப் போடி!" தொண்டை கிழியக் கத்தினாள். கையை எடுத்ததும் கேட்டது. அவள் கத்தியதற்கு மேலேயே அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது. சிரித்தது. நிறையப் பேர் இருக்கிறோம் என்றது. சீக்கிரம் வா என்றது.

ஹாரன். ஹாரன் இருக்கிறது. பொத்தானில் உள்ளங்கையை வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். பனியெல்லாம் அதிர்ந்தது. நிறுத்தாமல் அழுத்தினாள். ஆபத்து. ஆபத்து. போய்விடு.

"ஹாரன் கேக்குதுக்கா!" என்றாள் ஹெல்வி. "நல்ல வேள அடிச்ச. இந்தப் பனியில தெச தெரியாம நின்னுட்டிருந்தேன். அடிச்சிட்டே இரு, சத்தத்தப் புடிச்சே வந்துடறேன்."

ஐலா கையை எடுத்தாள்.

ஹாரன் நிற்கவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து, அதே சுதியில், அது அடித்துக்கொண்டே இருந்தது.