மூன்று மைல் காதல் கடிதம்

ட்ரிங்ங்ங்... ட்ரிங்ங்ங்...!

1986. ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. மலேசியாவில், புக்கிட் ரோத்தானை ஒட்டிய எஸ்டேட்டின் ஆபீஸ்.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தேவதாஸ் ரிசீவரை எடுத்தான். முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. முகத்தில் பாதி, மீசை.

"ஹலோ... எஸ்டேட் ஆபீஸ்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது.

"யாருங்க? லோரி மேட்டரா?"

"என் உயிர் தேவா..." என்றது ஒரு குரல். வாயில் துணியை வைத்து அமுக்கிய குரல்! "நேத்து நீ வாய்க்காலைத் தாண்டிக் குதிச்சப்போ, என் நெஞ்சும் கூடவே குதிச்சிச்சு..."

தேவதாஸின் கையில் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

அந்த வரி அவனுக்கு மனப்பாடம். அவனுக்கு வந்த கடிதத்தின் முதல் வரி. காதல் கடிதம். எழுதியவர் சுங்கை பஞ்சாங் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார், சேது.

ஆமாம்... வாத்தியார்தான். டீச்சரம்மா இல்லை!

"யா... யாருடா நீ?"

"மரியாதை, கிராணியாரே! மூணு பக்கம். மூணும் எங்கிட்ட இருக்கு. பெரிய துரை மேசைக்கு அனுப்பிடவா?"

"வேணாம்! உனக்கு என்னதான் வேணும்?"

"உன் மீசை."

"என்னாது?"

"மீசையை எடு. நாளைக்குக் காலையில நீ பஸ் ஸ்டாப் பக்கம் வரும்போது பார்ப்பேன். உதட்டு மேல ஒரு மயிரு தெரிஞ்சாலும்... லெட்டர் துரை கையில!"

டக்!

தேவதாஸ் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பதினாறு வருஷம் எண்ணெய் தடவி வளர்த்தது. ஆட்களை மேய்க்கும் மண்டோர்களே அதற்குத்தான் சலாம் போடுவார்கள், அவனுக்கு இல்லை.

கடிதம் எப்படி வெளியே போனது?

நேற்று மத்தியானத்தை நினைத்துப் பார்த்தான்.

நினைத்ததும் நாற்காலியில் அப்படியே சரிந்தான்.

அலமாக்...!

குற்றவாளி வேறு யாரும் இல்லை. அவனேதான்!



அன்று சாயங்காலம் ரெங்கசாமியின் முடிதிருத்தும் கடையில் அவசரக் கூட்டம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

புக்கிட் ரோத்தான் உல்லாச ஓட்டக் கழகம். பதிவு செய்யாத கழகம். ஆணைக் காதலிக்கும் ஆண்கள், பெண்ணைக் காதலிக்கும் பெண்கள், இது இரண்டிலும் அடங்காத ஓரிருவர் என்று மொத்தம் பதினோரு பேர். ஞாயிறு சாயங்காலம் மூன்று மணி நேரம் எஸ்டேட்டுக்குள் ஓடுவார்கள், சிரிப்பார்கள், பீர் குடிப்பார்கள். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்த வேஷம். இந்த மூன்று மணி நேரம்தான் சொந்த முகம்.

செயலாளர் சந்திரிகா. ரவாங் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வீட்டிலும் சூப்பர்வைசர்தான் என்பது அவளோடு ஒரே ரூமில் இருக்கும் திலகத்தின் புகார்.

கடைக்கு வருகிறவர்களுக்கு ரெங்கசாமி அண்ணன். கழகத்துக்கு ரெங்கா அக்கா. தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் கட்டும் பட்டுச்சேலையின் மடிப்பு இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் வராது.

சேதுவை மட்டும் காணோம். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் பிராக்டிஸ் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"வரிசையா சொல்லுங்க தேவா அண்ணே," என்றாள் சந்திரிகா. "லெட்டரை எங்க வச்சிருந்தீங்க?"

"ஆபீஸ் பழைய பேப்பர் கட்டுக்குள்ள."

"ஏன்?"

"குப்பைக்குள்ள எவன் வந்து தேடுவான்னு..."

"புத்திசாலி!" என்றாள் ரெங்கா, கத்தியைத் தோலில் தீட்டியபடி. "சரி, நேத்து முயல் யாரு?"

"நான்தான்."

இந்தக் கழகத்தின் ஓட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முயல். அவர் ஒரு மணி நேரம் முன்னால் போய், பத்தடிக்கு ஒரு காகிதத் துண்டைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டே தடம் போட வேண்டும். மற்றவர்கள் அந்தத் துண்டுகளைப் பார்த்துத் துரத்தி வருவார்கள். முயல் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது சட்டம்.

"அவசரத்துல..." தேவதாஸ் குரல் இறங்கியது. "கட்டோட எடுத்து... பாக்காமக் கிழிச்சிட்டேன்."



"அப்போ..." திலகத்தின் வாயில் பாதி கடித்த வடை அப்படியே நின்றது. "நேத்து நாம மூணு மைல் ஓடினது..."

"ஆமா."

"வாத்தியார் லெட்டர் மேலயா?"

"ஆமா லா! சும்மா சும்மா கேக்காதே!"

"நான் ஒரு நீலத் துண்டுல சப்பாத்து மண்ணைக்கூடத் துடைச்சேனே!"

சந்திரிகா அவளை முறைத்தாள். பிறகு தேவதாஸிடம் திரும்பினாள்.

"அண்ணே, இது விளையாட்டு இல்ல. லெட்டர் துரைகிட்ட போச்சுன்னா உங்க வேலை போவும். வேலை போச்சுன்னா குவார்ட்டர்ஸ் போவும். சேது பேரு கீழ இருக்கு, அவரு வாத்தியார் உத்தியோகம் போவும். அப்பறம் கேப்பாங்க, என்னா கிளப்பு, யாரு யாரு ஓடுறாங்கன்னு. எங்க ரூமுக்கு வந்து நிப்பாங்க. கழகம் அன்னியோட முடிஞ்சிச்சு!"

தேவதாஸ் கண்ணாடியைப் பார்த்தான். தன்னைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான்.

"ரெங்கா அக்கா... எடுத்துடுங்க."

"கண்ணை மூடிக்கோடா என் ராசா," என்றாள் ரெங்கா.

சர்ரக்... சர்ரக்...

கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் எதிரே உட்கார்ந்திருந்தது யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன்!

திலகம் சிரிப்பை வடையால் அடைத்துக்கொண்டாள்.



செவ்வாய்க்கிழமை. பஸ் ஸ்டாப்பில் பதினேழு பேர் தேவதாஸைப் பார்த்தார்கள். பதினேழு பேரும் சிரித்தார்கள். இதில் எவன் அவன்?

சாயங்காலம் சந்திரிகாவின் திட்டம் ஆரம்பமானது. சேதுவைத் தவிர கழகம் முழுவதும் லீவு போட்டு, ஓவர்டைம் விட்டு, சாக்கும் கையுமாகச் செம்பனைக் காட்டுக்குள் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைத் தடத்தைக் கடைசியிலிருந்து முதல் வரை பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"அவன்கிட்ட ஒரு துண்டோ ரெண்டோதான் இருக்கும்," என்றாள் சந்திரிகா. "மிச்சம் நம்மகிட்ட வந்துட்டா அவன் பல்லு புடுங்கின பாம்பு!"

வெள்ளைத் துண்டெல்லாம் ஆபீஸ் குப்பை. நீலத் துண்டுதான் கடிதம். ஒன்று வாய்க்காலில் கிடந்தது. ஒன்று செம்பனை ஓலைக்கு அடியில். ஒன்றை ஆடு மென்றுகொண்டிருந்தது. ரெங்கா ஆட்டின் வாயைத் திறந்து எடுத்தாள்.

"அங்க என்ன பண்றீங்க எல்லாரும்?"

தூக்கிவாரிப் போட்டது!

மளிகைக் கடை லெட்சுமி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முனையில் கடை. அவள் காதுக்குத் தப்பி இந்த எஸ்டேட்டில் ஒரு கோழிகூட முட்டை போட்டதில்லை.

"கோ... கோத்தோங் ரோயோங் லா அக்கா!" என்றான் தேவதாஸ். "எஸ்டேட்டைச் சுத்தம் பண்றோம்."

"அப்படியா? நல்ல காரியம்." லெட்சுமி அவன் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். "மூஞ்சியையும் சுத்தம் பண்ணிட்டீங்க போல."

போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் ரெங்காவின் கடையில் பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டுத் துண்டுகளை ஒட்டினார்கள். நாற்பத்தெட்டுத் துண்டுகள். மூன்று பக்கம். ஓரம் ஓரமாகச் சரிபார்த்தாள் சந்திரிகா.

நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே... ஒண்ணுகூடக் கொறையல!"

"நல்லதுதானே?" என்றாள் திலகம்.

"எப்படி நல்லது? முழு லெட்டரும் இங்க இருந்தா... அவன் எதைப் பாத்து வாசிச்சான்?"

மூன்றாம் பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் படிக்க முடியவில்லை. ஒரு வார்த்தையை எழுதிவிட்டு, மையால் அடித்து அடித்துக் கறுப்பாக்கியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் தெரியவில்லை.



புதன்கிழமை. பத்து மணி.

ட்ரிங்ங்ங்...!

"மீசை போச்சு. சந்தோஷம்," என்றது துணிக்குரல். "அடுத்தது... ஞாயித்துக்கெழமை ஓட்டத்துக்கு அந்த மஞ்சள் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு வரணும்."

"எந்த மஞ்சள் டீ-ஷர்ட்டு?"

"பெட்டிக்குள்ள மடிச்சே வச்சிருக்கியே, அது!"

தேவதாஸின் முன்னால் காலண்டர் விரிந்து கிடந்தது.

"நீ சும்மா மிரட்டுறே. லெட்டர் உங்கிட்ட இல்ல."

"இல்லையா? மூணாம் பக்கம் வாசிக்கவா? கேட்டுக்கோ... 'ஊர் என்ன சொன்னாலும் சரி, நீ என் பக்கத்துல ஓடுற வரைக்கும் எனக்கு மூச்சு வாங்காது. நீ என் பூனைக்குட்டி...'"

தேவதாஸின் விரல் வரியோடு ஓடிக்கொண்டே வந்தது. சட்டென்று நின்றது.

பூனைக்குட்டி?

விரலுக்குக் கீழே இருந்தது... அந்தக் கறுப்பு மை!

அதற்குள் என்ன புதைந்து கிடக்கிறது என்று இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்!

"சரிங்க," என்றான் தேவதாஸ், பூனைக்குட்டியைப் போலவே பவ்வியமாக. "மஞ்சள் சட்டையைப் போட்டுக்கிட்டு வரேன்."



ஞாயிறு. ஐந்தரை மணி. ஓட்டம் முடிந்துவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவில் பதினோரு பேரும் வட்டமாக நின்றார்கள். வட்டத்துக்கு நடுவில், சாக்கின் மேல் ஒரு பெரிய ஐஸ் கட்டி.

ஓட்டத்தில் தப்பு செய்தவர் எல்லாரும் பாடி முடிக்கும் வரை ஐஸ் மேல் உட்கார வேண்டும். அதுதான் கழகத்து நீதிமன்றம்.

மஞ்சள் டீ-ஷர்ட்டில் தேவதாஸ் முன்னே வந்தான். கையில் காலண்டர்.

"இன்னிக்கு ஒரு பெரிய குற்றவாளி இருக்கான். போன்ல மிரட்டின ஆளு. இதோ நிக்கிறான்... சேது வாத்தியார்!"

"ஆஆ!" என்று திலகம் அலறினாள்.

"நானா?" சேது நெஞ்சைத் தொட்டான். "பேத்தாதே லா! லெட்டர் வெளிய போனா என் வேலையும்தானே போவும்?"

"நீ அடிச்சுக் கறுப்பாக்கின 'பூனைக்குட்டி'ங்கிற வார்த்தையைப் போன்ல படிச்சியே! அது எவனுக்குடா தெரியும்?"

சேது வெடித்தான்.

"ஆமா! நான்தான்! போன ஞாயிறு கோயில் மூலையில ஒரு நீலத் துண்டைப் பாத்தேன். குனிஞ்சா என் கையெழுத்து! 'என் உயிர்'னு இருக்கு. அது மேல ரெங்கா அக்கா சப்பாத்துத் தடம்!"

"ஐயோ, எனக்கென்னாடா தெரியும்!" என்றாள் ரெங்கா.

"மூணு மைலு! என் லெட்டர் மேலயே என்னை ஓட விட்டான், பாவி! அழுதுக்கிட்டே ஓடினேன், நீங்கள்லாம் வேர்வைன்னு நெனச்சீங்க!"

"தெரியாமக் கிழிச்சிட்டேன்டா..."

"பதிலாச்சும் எழுதினியா? நான் வாங்கிக் குடுத்த இந்த மஞ்சள் சட்டையையாச்சும் போட்டியா? மூணு மாசம் ஆச்சு!"

தேவதாஸ் தரையைப் பார்த்தான்.

"எனக்கு ஆள் கணக்கு, செக்ரோல்தான்டா எழுத வரும். நாலு தடவை ஆரம்பிச்சேன். நாலு தடவையும் 'மேற்படி விஷயமாக'ன்னு வருது. ஆனா தெனமும் எடுத்துப் படிச்சேன். அது கணக்குல வராதா?"

சேதுவின் கோபம் காற்றுப் போன டயராக இறங்கியது.

"அது சரி... மீசையை ஏன்டா கேட்டே?"

"குத்துது."

வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

"தீர்ப்பு!" என்று கையைத் தட்டினாள் சந்திரிகா. "கிழிச்சவனும் குற்றவாளி. மிரட்டினவனும் குற்றவாளி. ரெண்டு பேரும் ஒரே ஐஸ்ல உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டால்தான் விழாமல் இருக்க முடியும். போட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் ஒரு தொண்டை செருமியது.

க்ஹ்ம்ம்...!

லெட்சுமி!

சிரிப்பு அறுந்தது. தேவதாஸ் எழப் பார்த்தான். காலில் மாட்டியிருந்த அரைச் சிலுவார் ஐஸில் ஒட்டிக்கொண்டது. தோளில் இருந்த கையை எடுக்க சேதுவுக்கு மறந்துவிட்டது.

முடிந்தது. வேலை, குவார்ட்டர்ஸ், கழகம்... எல்லாம் முடிந்தது!

"அ... அக்கா," என்றாள் சந்திரிகா. "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"பூனைக்குட்டியிலேருந்து. ஐஸ் சாக்கு நம்ம கடையுது, வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்." அவள் சேதுவிடம் திரும்பினாள். "வாத்தியாரே, அடுத்த வாட்டி ரெசஸ் நேரத்துல ஓடி வந்து மிரட்டணும்னா வேற கடைக்குப் போங்க. வாயில துணியை வச்சிட்டா எனக்குக் கேக்காதா? போனுக்குப் பக்கத்துலதானே நான் வெங்காயம் பொறுக்குறேன்?"

தேவதாஸ் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். லயத்துல மட்டும் சொல்லிடாதீங்க!"

"சொல்றதா?" லெட்சுமி இடுப்பில் கை வைத்தாள். "தெரியாத ஆளு ஒருத்தரைக் காட்டுங்க, போய்ச் சொல்றேன்!"

பதினோரு வாயும் பிளந்தன.

"பெ... பெரிய துரைக்கு?"

"அவரு சம்சாரம்தான் எனக்கே சொன்னாங்க. மூணு வருசம் ஆச்சு."

"அப்போ... நாங்க இவ்வளவு நாளா பயந்து பயந்து மறைச்சது?"

"நீங்க மறைக்கிறீங்க, நாங்க பாக்காத மாரி இருக்கோம். பாவம், கஷ்டப்பட்டு மறைக்குதுங்களேன்னு!"

லெட்சுமி இருவரையும் ஐஸிலிருந்து தள்ளிவிட்டு, சாக்கை உருவி உதறினாள். இரண்டடி நடந்தாள். நின்றாள். முகத்தில் உண்மையான வேதனை.

"யாரு யாருகூட இருந்தா எங்களுக்கென்னா லா? ஆனா ஒரு நாய்கூடத் தொரத்தாம, இந்தக் கொளுத்துற வெயில்ல அரைச் சிலுவாரைப் போட்டுக்கிட்டு ஓடுறீங்க பாருங்க... அதைத்தான் வெளியூர்ச் சொந்தக்காரங்ககிட்ட சொல்ல முடியாம லயமே தலை குனிஞ்சு நிக்கிது!"