லீசுக்கு எடுத்த கொலை!

போன் அலறியது!

பட்டாசு கண்ணைத் திறக்காமலே எடுத்தாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில். கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

"பிக்கப் லீசுக்கு எடுத்து ஓட்டறது நீதானே?"

"ஆமா. யாரு அது காலங்காத்தால?"

"இன்ஸ்பெக்டர். ராத்திரி உன் வண்டி டயர் குடோன் வாட்ச்மேனை ஏத்திக் கொன்னுடுச்சு. தெருமுனையில நின்ன வண்டியையும், ரூம்ல தூங்கின உன் தம்பியையும் தூக்கிட்டு வந்துட்டோம்."

"என்னது...?!"

செருப்பை மறந்து ஓடினாள்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் தம்பி. உதடு வீங்கியிருந்தது.

"நான் எடுக்கலைக்கா... சத்தியமா! டீசல் விஷயத்துலயும் நீ என்னை நம்பலை. இதுலயாவது நம்பு."

பட்டாசுக்குச் சுருக்கென்றது. போன வாரமெல்லாம் ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் டீசல் குறைந்தது. வண்டியை லீசுக்கு விட்ட புரோக்கரிடம் புலம்பினாள். 'உன் தம்பிதான் வித்துத் திங்கறான் தங்கச்சி' என்றான். அதை நம்பி, நாலு பேர் பார்க்கத் தம்பியை அறைந்தாள்.

அந்தக் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"சார்! இவன் ஈ எறும்புக்குக்கூட ஒதுங்கிப் போறவன்!"

"வண்டிக்கு ஒரே சாவி. அது உன் தம்பி தலையணைக்கடியில இருந்துச்சு. வேற யார் ஓட்டுவா? பேயா?"

"ஸ்பேர் சாவி தொலைஞ்சு போச்சுன்னு புரோக்கர் சொன்னான்..."

"தொலைஞ்சுதுன்னு சொன்னான்ல? அப்போ இருக்கறது ஒரே சாவிதான்! அவனையும் வரச் சொல்லியிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் முற்றத்துக்கு நடந்தார். கிரேன் இழுத்து வந்த பிக்கப், மதிலை ஒட்டி நின்றது. முகப்பு விளக்கு நொறுங்கி, பம்பரில் காய்ந்த ரத்தம். ஓட்டுபவர் கண்ணுக்கு ஆள் தெரிந்திருப்பானா என்று பார்க்க, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

பார்த்தார். இறங்கப் போனார்.

கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை!

மறுபடி இழுத்தார். தோளால் இடித்தார். அந்தப் பக்கமோ மதில்!

"ஏய்... திற!"

பட்டாசு வெளியிலிருந்து திறந்துவிட்டாள்.

"போன வாரம் பீரோ ஏத்தினப்போ இடிச்சு உள்கம்பி அறுந்துடுச்சு சார். பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்கணும். புரோக்கர்கிட்ட சொல்லலை. சொன்னா அதுக்கும் காசு பிடுங்குவான்..."

சட்டென்று நிறுத்தினாள். கண்கள் விரிந்தன.

"சார்... ஒண்ணு சொல்லட்டுமா?"

அவர் காதில் படபடவென்று சொன்னாள். இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்பாப் போச்சுன்னா?"

"என்னையும் சேர்த்து உள்ளே போடுங்க!"

புரோக்கர் வந்தான். வெள்ளைச் சட்டை, வழுக்கும் சிரிப்பு.

"அய்யோ தங்கச்சி! தம்பியைக் கண்டிச்சு வைன்னு அப்பவே சொன்னேனே!"

பட்டாசு பல்லைக் கடித்தாள்.

"வண்டியை நீ கடைசியா எப்போ தொட்டே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாவி குடுத்த நாளோட சரி சார். அப்புறம் நிழல்ல கூட நின்னதில்லை."

"ரிப்பேர் ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் இல்லை சார். என் வண்டி தங்கம்!"

"சரி, போட்டோ எடுத்தாச்சு. ஜீப்புக்கு வழி மறிக்குது. கொஞ்சம் பின்னால எடு."

சாவி பறந்தது. புரோக்கர் ஏறினான். கதவைச் சாத்தினான். மதிலை ஒட்டியே அழகாகப் பின்னால் எடுத்தான். நிறுத்தினான்.

பட்டாசு மூச்சை அடக்கினாள்.

கைப்பிடிப் பக்கம் அவன் கை போகவே இல்லை!

கண்ணாடியைக் கடகடவென்று இறக்கினான். கையை வெளியே விட்டான். கதவைத் திறந்தான். சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"போதுமா சார்?"

"ரொம்ப... ஏன்டா, கைப்பிடியை ஏன் தொடலை?"

சிரிப்பு காணாமல் போனது.

"அது... அது ஒரு பழக்கம்..."

"போன வாரம் உடைஞ்ச கைப்பிடி, நிழல்ல கூட நிக்காதவனுக்கு எப்படிடா பழக்கமாச்சு?!"

அவன் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடுங்கினார். நாலாவது சாவியைப் பிக்கப்பில் சொருகித் திருப்பினார். இன்ஜின் உறுமியது!

புரோக்கர் மண்டியிட்டான்.

"டயர் திருடி ஏத்தத்தான் போனேன் சார்... கிழவன் குறுக்கே வந்துட்டான்..."

"குறுக்கே வந்தானா? காவல் காத்தான்டா, பாவி!" பட்டாசு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "ராத்திரியெல்லாம் என் டீசல்ல திருட்டுத்தனமா ஓட்டிட்டு, என் கையாலேயே என் தம்பியை அடிக்க வெச்சியே!"

இன்ஸ்பெக்டர் விலக்கிவிட்டார்.

தம்பி வெளியே வந்தான். அவள் அவன் கன்னத்தைத் தடவினாள்.

அதே லாக்கப்புக்குள் புரோக்கர் தள்ளப்பட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"தங்கச்சி... நீயாவது ஒரு வார்த்தை சொல்லும்மா!"

பட்டாசு திரும்பினாள்.

"கவலைப்படாதீங்கண்ணே, பழகின கதவுதான். உள்ளேயிருந்து திறக்காது... என்ன, இறக்கறதுக்குக் கண்ணாடிதான் இல்லை!"