தொப்பி தின்ற ஆடு

“கடைசி வரி நல்லா இருக்கான்னு நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது, ஜொனெல்? அங்க போய்ச் சேரவே விட மாட்டேங்கிறாங்களே.”

ஓர்லீன் ஆன்ட்டி தண்ணீரை மடமடவெனக் குடித்தார். அவர் தாளத்தோடு கவிதை சொல்பவர். சிறுவர்களுக்குப் புத்தகமும் எழுதுவார். புதுப் புத்தகத்தை நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

“எங்கிட்ட மட்டும் சொல்லிப் பாருங்களேன்,” என்றேன்.

“ஒரு முகம் பத்தாது, தங்கம். கூட்டத்தோட முகம் வேணும்.”

எங்கள் எக்லிண்டன் தெருவில் ஒரு வரி பிடித்துவிட்டால் மேசையைத் தட்டுவோம். தட்டினால், சொல்பவர் அங்கேயே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் பெரிய பாராட்டு. அந்தப் பாராட்டினால், மதியத்திலிருந்து ஆன்ட்டியின் கவிதையில் வரும் ஆடு பேருந்தை விட்டு இறங்கவே இல்லை.

“நூலகத்தை மூடப்போறேன்,” என்றார் நூலகர் மிஸ் புரூயிட். “இன்னும் ஒரே ஒரு தடவைதான்.”

நான் கூட்டத்தைப் பார்த்தேன். முடிதிருத்தும் பேசில் அங்கிள் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் தயாராக வைத்திருந்தார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கோங்க,” என்றேன்.

“எதுக்கு? சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபமா?” என்றார் பேசில் அங்கிள்.

“ஆடு வீட்டுக்குப் போக வேணாமா, அங்கிள்? உங்களாலதான் அது பட்டினியா நிக்குது.”

“பட்டினியா? தொப்பியைத் தின்னுச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் கை கோத்துக்கொண்டார்கள். ஆன்ட்டி காலால் தரையைத் தட்டித் தொடங்கினார்.

“டும் டும் மலைமேல ஏறுது பஸ்ஸு,
தாடியை ஆட்டி ஏறுச்சு ஆடு.
டிக்கெட் எங்கேன்னு கண்டக்டர் கேட்டாரு,
தொப்பியக் கழட்டித் தின்னுச்சு ஆடு!”

அங்கிளின் கை என் கைக்குள் மீன்போலத் துள்ளியது. விடவில்லை நான்.

“காலால தட்டலாமா?” என்று கிசுகிசுத்தார்.

“கூடாது.”

கவிதை முதல்முறையாக அந்த வரியைத் தாண்டிப் போனது. பேருந்து மலையுச்சியில் நின்றது. ஆடு இறங்கியது. வெயிலில் வெறுந்தலையோடு நின்ற கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தது.

“வாழை இலை ஒண்ண வாயால பறிச்சுது,
மெல்லவும் இல்ல, முழுங்கவும் இல்ல.
தலைக்குப் போட்டுக்க அண்ணேன்னு சொல்லி
நீட்டிட்டு வீட்டுக்கு நடந்துச்சு ஆடு.”

முன்வரிசைக் குட்டிப் பையன் ஒருவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே சிரித்தான். ஆன்ட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மிஸ் புரூயிட் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார். எல்லோரும் எழுந்தார்கள். பேசில் அங்கிள் மட்டும் எழவில்லை. என் கையையும் விடவில்லை.

“ஓர்லீன்,” என்றார் மெதுவாக. “நான் தட்டல, பாத்தியா? சமத்தா இருந்தேன். அந்த வாழை இலை மட்டும், இன்னொரு தடவை சொல்லேன்?”