முகக்கவசத்துக்குள் ஒரு பல்லவி

மழை இப்படித் திடீரென்று கொட்டும் என்று தெரிந்திருந்தால் அவள் குடை எடுத்து வந்திருப்பாள். குடை இருந்திருந்தால் நேரே வீட்டுக்குப் போயிருப்பாள். போயிருந்தால், இன்று நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

ஒதுங்க இடம் கிடைத்தது ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே. சுடிதார் நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். மேலே யாரோ வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ், கிடார், நடுவே ஒரு ஆண் குரல்... "தன்னன்னா... தானன்னா..."

பிழிந்த கை அப்படியே நின்றது.

இது... இது என்னோடது ஆச்சே!

அவள் பல் டாக்டர். ஊசியைக் கண்டதும் ஊரைக் கூட்டும் குழந்தைகளுக்காக, முகக்கவசத்துக்குள் முனகி முனகித் தானே உண்டாக்கிய மெட்டு அது. வார்த்தை கிடையாது. இரண்டு கையும் அடுத்தவர் வாய்க்குள் இருக்கும்போது வார்த்தைக்கு எங்கே போவது? அம்மாவுக்குக்கூடப் பாடிக் காட்டியதில்லை. அதை எவனோ கிடாரை மாட்டிக்கொண்டு ஊரறியப் பாடுகிறான்!

ஈரச் செருப்பு வழுக்க வழுக்க மாடிக்கு ஏறினாள். கதவைத் தள்ளினாள்.

"நிறுத்துங்க!"

நின்றது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. தரையெல்லாம் ஒயர். கீபோர்டுக்குப் பின்னால் ஒரு பெண், டிரம்ஸுக்குப் பின்னால் கதவை அடைக்கும் அளவுக்கு ஒரு ஆள், மூலையில் பேஸ் கிடாரோடு ஒரு ஒல்லி உருவம். மைக் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவன்.

கீபோர்டுக்காரிதான் முதலில் பேசினாள். "சத்தம் ஜாஸ்தியா இருக்காங்க? ஜன்னலைச் சாத்திடறோம்."

"சத்தத்தை விடுங்க. அந்த ட்யூன் யாரோடது?"

அவன் கண்ணைத் திறந்தான். "என்னோடதுதான். குளிக்கும்போது வந்தது."

"வந்துதா? தானா நடந்து வந்துதா?"

"ஆமாங்க. நல்ல ட்யூன் எல்லாம் அப்படித்தான் வரும்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். முகம் ஞாபகம் இல்லை. முகத்தை யார் பார்த்தது?

"வாயைத் திறங்க."

"என்னது?"

"திறங்கன்னு சொன்னேன்."

அந்தக் குரலுக்கு மூன்று வயதுக் குழந்தையும் படியும், எழுபது வயதுத் தாத்தாவும் படிவார். அவன் வாய் தானாகத் திறந்தது. அவள் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். டிரம்ஸ்காரன் ஆர்வம் தாங்காமல் எழுந்து வந்து தானும் எட்டிப் பார்த்தான்.

"கீழ, வலது பக்கம். கடைசிக்கு முந்தின பல்லு. நான் அடைச்சது! என் கைவேலை எனக்குத் தெரியாதா? நாற்காலிக் கைப்பிடியைப் பிச்சு எடுக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு இருந்தீங்களே... உங்களுக்காகத்தான் அன்னைக்கு அதைப் பாடினேன். பெரியவங்களுக்குப் பாடறதே இல்ல!"

அவன் வாயை மூடினான். நாக்கு தன்னையறியாமல் அந்தப் பல்லைத் தேடிப் போனது. மருந்து வாசனை... கண் கூசும் விளக்கு... ஒரே ஒரு தடவை பயந்து பயந்து இமையைத் திறந்தபோது, விளக்குக்குப் பின்னால் இரண்டு கண்கள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லாமல் சொன்ன கண்கள். அதே கண்கள்தான் இப்போது மை கலைந்து, மழைத்துளி இமையில் தொங்க, அவனை எரித்துக்கொண்டிருந்தன.

தெரிந்துவிட்டது. அந்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொண்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்தக் குழுவில் அவனுக்குப் பெயரே 'ஊற்று'. பாட்டு எல்லாம் அவனிடமிருந்துதான் வரும். அந்த ஊற்று வற்றி ரொம்ப நாளாகிவிட்டது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இந்த மெட்டு வந்த அன்று குளியலறையிலேயே அழுதிருக்கிறான். அடுத்த மாதம் டவுன் ஹாலில் இசைவிழா. ஒவ்வொரு குழுவும் புதிதாக ஒரு சொந்தப் பாட்டு வாசித்தாக வேண்டும். அவர்களிடம் இருந்தது இது ஒன்றுதான். அதுவும் வெறும் பல்லவி. சரணம் எவ்வளவு முட்டியும் வரவில்லை.

"பல்லை அடைச்சா பாட்டும் உங்களோடது ஆயிடுமா?" என்றான். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "முனகறதை எல்லாம் ட்யூன்னு சொல்ல முடியாதுங்க."

அவள் கண் ஒரு கணம் பளபளத்தது. திரும்பி, கொட்டுகிற மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

"டேய்..." என்றாள் கீபோர்டுக்காரி. அவள் அவனுடைய சொந்த அக்கா. "நிஜமா குளிக்கும்போதுதான் வந்துதா?"

"ஆமாக்கா."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாளிலிருந்து அவனால் அந்தப் பல்லவியைத் தொட முடியவில்லை. வாயைத் திறந்தால் அந்தக் கண்கள். வேறு பாட்டு போடுகிறேன் என்று கிளம்பினான். கிடாரோடு உட்கார்ந்தான், நடந்தான், மறுபடி மறுபடி குளித்தான். ஜலதோஷம்தான் வந்தது. எதையோ ஒட்டுப்போட்டு ஒரு மெட்டைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினான்.

"இதுக்கு வாசிச்சா எனக்கே தூக்கம் வருது," என்றான் டிரம்ஸ்காரன். இடி என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள்.

பேஸ் வாசிக்கும் ஒல்லிக்கு சாமியார் என்று பெயர். வாயே திறக்க மாட்டார். அன்று திறந்தார். "இது போன வருஷம் நீயே போட்டது. கொஞ்சம் மெதுவா வாசிக்கிற, அவ்வளவுதான்."

அவன் கிடாரைக் கழற்றித் தரையில் வைத்தான். "அவங்க சொன்னது நிஜம். அந்த ட்யூன் அவங்களோடதுதான். எனக்கு... எனக்கு எதுவுமே வரல. ரொம்ப நாளா வரல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

"அன்னைக்கே தெரியும்டா," என்றான் இடி, குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே. "அந்தப் பொண்ணு போனதும் மறுபடி வாசிச்சோமே, நீ தாளத்தை முந்திக்கிட்டு ஓடின. பொய் சொன்னா நீ எப்பவுமே ஓடுவ."

"ஊத்து வத்தினதும் தெரியும்," என்றாள் அக்கா. "நீயே சொல்லட்டும்னு இருந்தோம். சரி, எங்ககிட்ட சொல்லிட்ட. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்ல வேணாமா? எழுந்திரு."

மறுநாள் காலை கிளினிக்கில் அவன் காத்திருந்தான். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் ஒரு சின்னப் பெண், கையில் அழுக்குப் பொம்மை. அலறல் கூரையைப் பிய்த்தது. அப்புறம் அது தொடங்கியது... முகக்கவசத்துக்குள்ளிருந்து, மெல்ல.

முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாம் வரியின் நடுவில் அவள் ஒரு சுரத்தைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். குழந்தை விக்கி, விக்கி, ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுக்கும்வரை. மூச்சு இறங்கியதும்தான் அடுத்த சுரத்துக்கு வந்தாள்.

அட... காத்திருக்கிறாள்! இந்த மெட்டு காத்திருக்கிற மெட்டு. இதைப் போய்த் தாளக்கட்டுக்குள் அடைத்து, ஓட ஓட விரட்டியிருக்கிறோமே. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, ரொம்ப நாளுக்கு அப்புறம், சந்தோஷமாக இருந்தது.

அவன் முறை வந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"எங்க வலிக்குது?" என்றாள், பார்க்காமலே.

"பல்லுல இல்ல..."

"இது பல் ஆஸ்பத்திரி. மத்த இடத்துல வலிச்சா வேற டாக்டரைப் பாருங்க."

"பொய் சொல்லிட்டேன் டாக்டர். நீங்க அந்தப் பல்லைச் சொன்னப்பவே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஒத்துக்கிட்டா எனக்குன்னு ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும்னு பயம். மன்னிச்சிடுங்க."

அவள் கையுறையைக் கழற்றினாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக. கோபத்தைக் கூட இவ்வளவு அழகாக ஒருத்தி கழற்ற முடியுமா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்ததைக்கூட விட்டுடுவேன். முனகல்னு சொன்னீங்க பாருங்க... அதுதான்."

"தெரியும். அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். அது முனகல் இல்லைங்க. நான் போட்ட எல்லாப் பாட்டையும்விட நல்ல பாட்டு. அதை நாங்க வாசிக்கப் போறதில்ல. விட்டுட்டோம்."

"யாரைக் கேட்டு விட்டீங்க?"

அவன் நிமிர்ந்தான். "அப்ப... வாசிக்கலாமா?"

"நீங்க வாசிச்ச மாதிரியா? மூணாவது வரியில என்ன அவசரம் உங்களுக்கு? பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

"வந்து சொல்லிக் குடுங்க."

முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள் கொஞ்சம் சுருங்கின. சிரிக்கிறாளோ... தெரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன துணி!

வந்தாள். சாயங்காலங்களில், கிளினிக் முடிந்து. மைக் முன்னால் நின்றதும் குரல் எழும்பவே இல்லை. வெறும் வாயோடு ஒருவர் முன்னாலும் பாடிப் பழக்கமில்லையே! கைப்பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். உடனே வந்துவிட்டது. இடி விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா அவன் தலையில் ஒன்று வைத்தாள்.

ஆனால் ஒரு சிக்கல். மூன்றாம் வரியில் அவள் எப்போது சுரத்தை விடுவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வாய் தெரிந்தால்தானே? சாமியார்தான் கண்டுபிடித்தார். "கண்ணைப் பாருங்க. விடப்போறப்ப இமை லேசா இறங்குது."

அப்புறம் என்ன, எல்லோரும் அவள் கண்ணையே பார்த்தார்கள். மற்றவர்கள் தாளத்துக்காகப் பார்த்தார்கள். அவன் எதற்காகப் பார்த்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இமை இறங்கியும் கிடாரில் கை விழவில்லை.

"டேய், பாட்டைக் கவனி!" என்றாள் அக்கா.

"கவனிச்சிட்டுத்தானே இருக்கேன்..."

"அதான் தெரியுதே!"

சரணம் மட்டும் இன்னும் வரவில்லை. "உங்ககிட்டயும் இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"எனக்கு எதுக்கு? பல்லவி முடியறதுக்குள்ள குழந்தை அழுகையை நிறுத்திடும்."

"நிறுத்தினதும் என்ன பண்ணும்? தூங்கிடுமா?"

"தூங்கறதா! பேச ஆரம்பிக்கும். வாய் மரத்துப்போய், கொழகொழன்னு... ஸ்கூல்ல யாரு யாரை அடிச்சா, வீட்டுப் பூனை எங்க குட்டி போட்டுது... ஒண்ணுவிடாம சொல்லும்!" அவள் அந்தக் குழறலை நடித்துக் காட்டினாள். முகக்கவசம் இல்லாமல், கன்னம் குழிய.

அவன் கிடாரை எடுத்தான். சின்னச் சின்னதாக, தாவித் தாவி, பாதியில் மூச்சு வாங்கி மறுபடி ஓடும் ஒரு வரி வந்தது. இடி டிரம் ஓரத்தைத் தட்டிச் சேர்ந்துகொண்டான். தம்பி நீட்டிய இடத்தை அக்கா வெட்டினாள். சாமியார் ஒரு வரி முழுக்க வாசிக்காமலே இருந்தார். அதுதான் அழகாக இருந்தது. "அந்தப் பூனை வர்ற இடத்துல இன்னும் கொஞ்சம் மேல போங்க," என்று அவளும் புகுந்துகொண்டாள். அறை இருட்டத் தொடங்கியதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

விழா மாலையில் அவள் மேடை ஏற மறுத்துவிட்டாள். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள்... ம்ஹூம். முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் மைக்கைப் பிடித்தான். எங்கள் சொந்தப் பாட்டு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளே அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள்.

"இந்தப் பாட்டோட பல்லவி என்னோடது இல்ல," என்றான். "இங்க உட்கார்ந்திருக்கிற ஒரு பல் டாக்டரோடது. கேட்காம எடுத்தேன். வந்து கேட்டப்ப, இல்லைன்னு பொய்யும் சொன்னேன். சரணம் நாங்க எல்லாரும் அவங்களோட சேர்ந்து போட்டது."

கூட்டத்தில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. ஆனால் பாட்டு தொடங்கியபோது அவன் கொஞ்சமும் ஓடவில்லை. மூன்றாம் வரியில் அந்தச் சுரத்தைப் பிடித்தான். இடி குச்சியைத் தூக்கி நிறுத்தினான். அரங்கமே மூச்சைப் பிடித்தது. அவன் முதல் வரிசையைப் பார்த்தான். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. இமை இறங்கியது... நால்வரும் ஒன்றாக அடுத்த சுரத்துக்கு இறங்கினார்கள்.

கைதட்டல் அடங்க நேரமானது. மேடைக்குப் பின்னால், பெட்டிகள் அடுக்கிய நடைவழியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? நான்தான் வேண்டாம்னேனே. இனிமே உங்களை யாரு ஊத்துன்னு கூப்பிடுவா?"

"கூப்பிடவே வேண்டாம்." மூச்சு வாங்கினான். "ஒண்ணு சொல்லணும். டாக்டர்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. கண்ணுக்காக இல்ல. சரி, கண்ணுக்காகவும்தான்... அழற பிள்ளை மூச்சு விடறவரைக்கும் காத்திருக்கீங்களே, அதுக்காக. வாழ்க்கை பூரா உங்ககூடவே இருக்கணும்னு தோணுது. இது மட்டும் நான் யார்கிட்ட இருந்தும் எடுக்கலை. சத்தியமா என்னோடது. எனக்கே எனக்குன்னு வந்தது."

ஒரு கையில் டிரம்மோடு இடி குறுக்கே வந்தான். இருவரையும் பார்த்தான். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "இல்ல."

அவன் முகம் வாடியது. "இல்லையா...?"

"உங்களோடது இல்லைன்னு சொன்னேன்." அவன் சட்டைக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். உதடு சிரித்தது. "பல்லே வலிக்காம என் நாற்காலியில வந்து உட்கார்ந்து, பொய் சொல்லிட்டேன்னு சொன்னீங்களே... அப்பவே எனக்கு வந்தாச்சு. இதுவும் எனக்குத்தான் முதல்ல வந்தது."