கடைசி பெஞ்சில் ஒரு கை

சனிக்கிழமை பிற்பகல் மார்லா சபையின் முன்னால் காரை நிறுத்தினாள். டென்னசி மலையடிவாரத்தில் அந்த வெள்ளைப் பலகைக் கோவில் இருபது வருடத்தில் துளியும் மாறவில்லை. உள்ளே மெழுகு போட்ட தரையின் வாசனை. அவள் அப்பா போதகர் ஹார்லன், பிரசங்க பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

சபைப் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லும் கடிதத்தை நீட்டினாள். தபாலிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் வாயால் ஒன்றை ஒப்புக்கொள்ள வைக்காமல் போவதில்லை என்று வந்திருந்தாள்.

ஞாயிறுதோறும் பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூட வேண்டும். மனந்திரும்புகிறவர்கள் கை தூக்கிவிட்டு எழுந்து முன்னால் வர வேண்டும். "பின்னால ஒரு கையைப் பார்க்கிறேன், நன்றி" என்பார் அப்பா. பத்து வயதில் மார்லா திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையும் இல்லை. அன்று விழுந்த சந்தேகம்தான் கடைசியில் அவளைச் சபையை விட்டே கிளப்பியது.

"பொய்தானேப்பா? ஆள் பிடிக்கத்தானே அப்படிச் சொன்னீங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுவே அவளை உறுத்தியது.

"இங்க வந்து நின்னு பாரு. அங்கேருந்து தெரியாது."

கிழவர் ஏதோ நாடகம் ஆடுகிறார் என்று நினைத்துக்கொண்டே பீடத்தில் ஏறினாள்.

கடைசி பெஞ்சுக்கு மேலே ஒரு கை உயர்ந்திருந்தது.

ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழுந்த கைபோல் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆளில்லை.

"யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"நாப்பது வருஷமா இங்க நிக்கிறப்பெல்லாம் பார்க்கிறேன்," என்று கிசுகிசுத்தார். "நன்றி சொன்னா இறங்கிடும். சொல்லலைன்னா எழுந்து முன்னால வரும். ஒருதடவை நன்றி சொன்னவங்க ஞாயிறுதோறும் இங்க நின்னு பார்த்துச் சொல்லியாகணும்."

"அப்போ சொல்லித் தொலைங்க!"

"இன்னிக்கு மாட்டேன். உன்னைத் திரும்ப இங்க வரவைக்க எனக்கு வேற வழி தெரியலை, கண்ணு."

பெஞ்சு முனகியது.

ஈரக் காலடி ஒன்று. இன்னொன்று.

மூன்றாவதில் மார்லாவின் வாய் தானாகத் திறந்தது. "பார்க்கிறேன்... நன்றி."

காலடி நின்றது. அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. கடிதத்தை அங்கேயே எறிந்துவிட்டு ஓடினாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நாஷ்வில் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடியும் நண்பகல். அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் பெஞ்சு முனகியது.

அவள் வீட்டில் பெஞ்சே கிடையாது.

எட்டிப் பார்த்தாள். கை எதுவும் தெரியவில்லை. ஈரக் காலடி மட்டும் கேட்டது.

"பார்க்கிறேன், நன்றி," என்று பொய் சொன்னாள்.

இந்த முறை காலடி நிற்கவில்லை.