கழித்தால் மிஞ்சுவது

திரையில் வந்து நின்ற அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாறும் பொருள் ஒன்று, மங்கிக்கொண்டே போகிறது என்று சொன்ன நிரல், அது வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லவேண்டிய கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தது. வானத்தில் இடமே இல்லாத நட்சத்திரம் எங்கிருந்து வந்து குதித்ததாம்?

அவள் வேலையே அதுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தொலைநோக்கி அகச்சிவப்பில் வானம் முழுவதையும் படம் பிடித்து வைத்திருந்தது. இப்போது இன்னொன்று அதே வானத்தை மறுபடியும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, புதியதிலிருந்து பழையதைக் கழித்தால், மாறாத நட்சத்திரமெல்லாம் சாம்பல் நிறத்தில் கரைந்து காணாமல் போய்விடும். ஒளி கூடியது வெள்ளையாக மிஞ்சும், குறைந்தது கறுப்பாக மிஞ்சும். சர்வர் பெட்டிகளின் ஓயாத இரைச்சலும் சூடேறிய ஒயரின் வாசனையும் நிறைந்த அந்த அறையில், இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, விரல் நுனியை அக்குளில் செருகிச் செருகி எடுத்தபடி, அவள் நாள் முழுக்க அப்படித்தான் கழித்துக்கொண்டிருப்பாள்.

தப்பு எங்கே என்று தேடியபோது கண்ணில் பட்டுவிட்டது. கோப்புப் பட்டியலில் ஒரு வரிசை தள்ளி டிக் போட்டிருக்கிறாள். வானப் படங்களுக்குப் பதிலாக, கீழ்த்தளத்துச் சோதனை அறையின் வெள்ளிக்கிழமைப் படங்களை நிரல் விழுங்கியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைப் படம் ஒரு தனிக் கதை. அவள் கணவன் அதே கட்டடத்தில் டிடெக்டர் பார்க்கும் இன்ஜினியர். சூட்டைப் பார்த்துப் படமாக்கும் அகச்சிவப்பு டிடெக்டரை எந்நேரமும் உறையும் குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதால், சக ஊழியர்கள் அவனுக்கு ‘ஃப்ரிட்ஜ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாரக் கடைசியில் கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வெதுவெதுப்பான உடம்பு ஒன்று எதிரில் உட்கார்ந்தால் போதும். கல்யாணமானதிலிருந்து அவன் இரண்டு நாற்காலி போட்டு, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து எடுக்கிறான். “அடடா, வாரா வாரம் கல்யாண போட்டோவா?” என்று மேல்மாடியே கேலி செய்யும்.

ஒரு வேடிக்கைக்காக அவள் படத்தைத் திறந்தாள். போன வாரத்ததிலிருந்து கல்யாணமான வாரத்ததைக் கழித்த படம். சுவர், கதவு, மேஜை எல்லாம் சாம்பலில் கரைந்திருந்தன. இடப்பக்க நாற்காலியில் ஒரு ஆள் வடிவம், கண் கூசும் வெள்ளை. வலப்பக்க நாற்காலியில் இன்னொரு ஆள் வடிவம், மைக் கறுப்பு.

வலப்பக்கம் அவள் இடம்.

டிடெக்டர் கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, படங்களை வாரம் வாரமாக வரிசையில் ஓடவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஓட்டம் அழகாகவே இருந்தது. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று மற்றதை உறிஞ்சிக் குடித்துப் பெருப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதேதான். அவன் ஒரு படி ஏற, அவள் ஒரு படி இறங்க, அடுத்த வாரம் இன்னொரு படி. ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

குளிர்கிறது, குளிர்கிறது என்று அவள் புலம்பாத நாளில்லை. ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவனோ தினமும் வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்து, அவள் பாதத்தை மடியில் எடுத்துப் போட்டு, அவள் தூங்கும்வரை தேய்த்துவிடுவான். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோழிகள் பெருமூச்சு விடுவார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் பின்னால் போனாள். கல்யாணத்துக்கு முந்தைய வருஷங்கள். அப்போதும் இரண்டு நாற்காலி இருந்திருக்கிறது! ஆனால் வலப்பக்க நாற்காலியின் கால்நுனி மட்டும் தெரிய, அதற்கு மேலே ஒரு கறுப்புச் செவ்வகம். மாஸ்க். டிடெக்டரில் செத்துப்போன புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க மேலே மூடிவைக்கும் திரை அது. செத்த புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறித்தான் கிடக்கும். நாற்காலி அளவுக்கு வெட்டி வைத்த மாதிரி எந்த டிடெக்டரும் சாகாது.

மூடினாலும் அடியில் இருக்கும் படம் அழியாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவள் மாஸ்க்கை நீக்கினாள்.

ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கொண்டை போட்டிருந்தாள். கண்ணாடி அணிந்திருந்த இடம் மட்டும் இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரிந்தது. முதல் படத்தில் நல்ல பிரகாசம். பத்துப் படம் தள்ளிப் பார்த்தால் மங்கல். இன்னும் தள்ளிப் போனால் உடம்பின் விளிம்பு சுவரோடு கலந்திருந்தது. கடைசிப் படத்தில் சுவரும் அவளும் ஒரே நிறம்.

யார் இவள்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவன் சொன்னதில்லையே!

ஃபோனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள். விரல் மரத்துப்போயிருந்ததால் மூன்று தடவை அழுத்தவேண்டியிருந்தது.

“அத்தை, எனக்கு முன்னாடி அவருக்கு யாராவது இருந்தாங்களா?”

பாசமாகத்தான் மாமியார் கேட்டார்.

“இப்போ எந்த அளவுக்கும்மா குளிருது?”

“அத்தை…”

“பொறந்ததுலேருந்தே அவனுக்கு உடம்புல சூடு தங்காது. நான் பெத்தவ, நானும் குடுத்துப் பாத்தேன், எனக்கு அவ்வளவுதான் இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா. பாதியில விட்டுட்டுப் போயிடாத. புள்ள தாங்கமாட்டான்.”

பெண் பார்க்க வந்த அன்று இதே மாமியார் அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது. பாசம் என்று நினைத்தாளே, பாவி! சூடு பார்த்திருக்கிறார்கள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து.

வாசல் பத்தடியில் இருந்தது. வெளியே மாலை வெயில், பஸ் சத்தம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் ஆட்கள். போயிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அவனுக்கே தெரியாமல் அவனிடம் இருக்கிற ஏதோ ஒரு வியாதியா இது? ஒருவேளை அவனும் பாவமா? இவ்வளவுக்குப் பிறகும், வெட்கமில்லாமல், அவள் மனசு அவனுக்கு வக்காலத்து வாங்கியது.

இன்றும் வெள்ளிக்கிழமை. கீழே போனாள். படிக்கட்டில் பாதத்துக்கடியில் தரை இருப்பது தெரியவில்லை.

சோதனை அறையில் குளிரூட்டும் பம்ப் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஏற்கெனவே இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அரைக்கைச் சட்டை. நெற்றியில் வியர்வை.

“வந்துட்டியா செல்லம்? உக்காரு.”

“மாஸ்க்கை எடுத்துப் பாத்துட்டேன்.”

அவன் மெல்லத் திரும்பினான். கோபமில்லை, பதற்றமில்லை.

“அதை ஏம்மா எடுத்த?”

“தெரிஞ்சேதான் பண்ணீங்களா?”

“நாலு வருஷமா ஒருநாளாவது வலிச்சுதா?” என்றான். “அவளுக்கு வலிச்சுது. ரொம்ப அவசரப்பட்டுட்டேன். உங்கிட்ட எவ்வளவு நிதானமா இருந்திருக்கேன், பாரு.”

அவளுக்கு அழுகை வந்தது; கன்னத்தில் இறங்கிய கண்ணீர்கூடச் சில்லென்றிருந்தது. திரும்பி ஓடவேண்டும். கால் கேட்கவில்லை. அப்படியே சரிந்தாள். பின்னால் நாற்காலி இருந்தது.

எதிரே திரை. நேரலைப் படம்.

இடப்பக்கம் அவன். முகம்கூடத் தெரியாத வெள்ளைப் பிழம்பு.

வலப்பக்கம் நாற்காலி.

நாற்காலி மட்டும்.

அவள் கையைத் தூக்கினாள். கண்ணெதிரே கை இருந்தது. வளையல் இருந்தது. திரையில் எதுவும் அசையவில்லை. கத்தினாள். தொண்டையிலிருந்து காற்று வந்தது. அதில் சூடில்லை.

“ஷ்ஷ்,” என்றான். “ஆயிடுச்சு.”

இடது கையை அவள் தோளில் போட்டு அணைத்துக்கொண்டான். வலது கையால் மவுஸைப் பிடித்தான். திரையில், அவள் தலைக்கு மேலே இருக்கவேண்டிய இடத்தில் அம்புக்குறி வந்து நின்றது. ஒரு க்ளிக். அங்கிருந்து பாதம்வரை, கோணாமல், பொறுமையாக இழுத்தான்.

கறுப்புச் செவ்வகம் விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செவ்வகத்தின் விளிம்பில், அவள் தோளை அணைத்திருந்த அவன் கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு நின்றது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து அந்தக் கை, நரம்பு நரம்பாக, இன்னும் வெளுத்துக்கொண்டே வந்தது.